பதவி வரிசையில் ஒரு மலைப் பயணம்

ரப்பர் விலை விழுந்து, வேலையற்ற தமிழர்களைக் கூட்டங்கூட்டமாக ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த ஆண்டு அது. அரசர் பிறந்தநாள் விடுமுறை வெள்ளிக்கிழமையில் வந்தது. சனிக்கிழமை அரை நாளுக்கு லீவு எழுதிக் கொடுத்தால் மூன்று முழு நாள் கிடைக்கும். பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்த, ஒரே ஆபீஸில் குமாஸ்தா வேலை பார்த்த நாங்கள் நான்கு கிராணிகள், உலு லங்காட்டிலிருந்து பகாங் எல்லை மலைக்கு ஏறி, இரண்டு இரவு காட்டில் தங்கி, ஞாயிறு மாலை இறங்கிவிடுவதென்று முடிவாயிற்று.

முடிவு செய்தவர் எங்கள் பெரிய கிராணி. மலையேற்றம் பற்றி இரண்டு ஆங்கிலப் புத்தகங்கள் படித்திருந்தார். அவற்றை நானும் படித்திருந்தேன். முதுவேனில் தொடங்கிவிட்டதால் இதுவே பருவம் என்றார். இந்த நாட்டில் வேனில் என்று எதுவும் கிடையாது. பிற்பகல் மழை உண்டு, அவ்வளவுதான்.

மற்ற இருவரில் ஒருவர் ஸ்டோர் கிராணி, ஒருவன் டைப்பிஸ்ட். ஐந்தாவதாக, அரிசியும் சட்டியும் கூடாரத் துணியும் சுமக்க ஒரு சாலைக் கூலியாள் வந்தார். நாற்பது வயதிருக்கும். அந்த மலையில் இரண்டு ஆண்டு பிரம்பு வெட்டியவர். எங்கள் ஆபீஸில் பியூன் வேலை காலியானால் சொல்லி வாங்கித் தருவதாகப் பெரிய கிராணி வாக்குக் கொடுத்ததால்தான் வந்தார். புறப்படும் முன் ஒன்றே ஒன்று கேட்டார்.

"திங்கக்கெழம காலையில ஆறு மணிக்கு நான் பெரட்டுல நிக்கணுங்க. இல்லாட்டி பேர வெட்டிருவாங்க."

பெரட்டு என்பது காண்டிராக்டரின் கங்காணி ஆள் எண்ணிப் பெயர் கூப்பிடும் வரிசை. அந்த ஆண்டு பெயர் வெட்டப்பட்டவனுக்கு வேறு வேலை இல்லை, கப்பல்தான்.

"ஞாயித்துக்கெழம ராத்திரி நீ உன் வீட்டுல தூங்குவே," என்றார் பெரிய கிராணி.

வெள்ளி காலை ரயிலில் காஜாங், அங்கிருந்து லோரியில் உலு லங்காட். லோரியிலிருந்து இறங்கியதும் பெரிய கிராணி சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். காட்டில் நடக்க வேண்டிய வரிசை, டைப் அடித்து, கார்பன் நகல் ஆளுக்கொன்று. அவர் முதல், அடுத்து ஸ்டோர் கிராணி, மூன்றாவது நான், நான்காவது டைப்பிஸ்ட். சர்வீஸ் வருடக் கணக்கு. ஐந்தாவது வரியில் ஆள் பெயர் இல்லை. 'சாமான்' என்று இருந்தது. பாதை தெரிந்த ஒரே மனிதரைக் கடைசியில் வைத்துவிட்டு, பாதை தெரியாத நால்வர் முன்னால் நடந்தோம். அப்போது அது எங்களில் யாருக்கும் வேடிக்கையாகப் படவில்லை. ஆபீஸிலும் அப்படித்தானே நடந்தோம்.

சனி பகல் பன்னிரண்டே காலுக்கு மலை முகடு. மூடுபனியில் ஒன்றும் தெரியவில்லை. அட்டைகள் மட்டும் சப்பாத்துக்குள் நிறைய இருந்தன. கூலியாள் சுண்ணாம்பும் புகையிலையும் குழைத்து எங்கள் கால்களில் பூசிவிட்டார். "கிராணிமாரு ரத்தம் இனிப்பு போல. என்னை ஒண்ணு கூடத் தொடல," என்றார். டைப்பிஸ்ட் உரக்கச் சிரித்தான். பெரிய கிராணி சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

ஞாயிறு காலை ஒன்பது இருபதுக்கு, இறங்கும் வழி இரண்டாகப் பிரிந்த இடத்தில், பெரிய கிராணி இடது பக்கம் திரும்பினார். பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஐயா, எடது பக்கம் வேணாங்க! அது பன்னி போற தடம். கீழ பள்ளத்துல கொண்டு விட்டுரும்."

பெரிய கிராணி திரும்பவில்லை. வரிசையில் நடக்கும்போது கடைநிலை ஆள் நேராகத் தன்னிடம் பேசினால் அவர் காதில் வாங்குவதில்லை. ஆகவே டைப்பிஸ்ட் என்னிடம் சொன்னான். நான் ஸ்டோர் கிராணியிடம் சொன்னேன். அவர் பெரிய கிராணியிடம் சொன்னார். பதிலும் அதே படிகளில் இறங்கி வந்தது.

"மேப் பாத்தாச்சு. வரிசை கலையாம வரச் சொல்லு."

என் முறை வந்தபோது இந்தப் பதிலை அட்சரம் பிசகாமல் டைப்பிஸ்டிடம் ஒப்பித்துவிட்டு, குறிப்பேட்டை எடுத்து நேரத்தை எழுதினேன். கூச்சல் போட்டிருக்க வேண்டியவன் நேரம் எழுதிக்கொண்டிருந்தேன்.

பள்ளத்தில் கொண்டு விட்டது. முன்னால் மூங்கில் புதர், அதற்கப்பால் செங்குத்தான பாறை. மூன்று மணிக்கு மழை. ஸ்டோர் கிராணி வழுக்கி விழுந்து கணுக்கால் வீங்கி உட்கார்ந்துவிட்டார். நான்கு மணிக்குக் கூலியாள் சுமையை இறக்கி வைத்து, வரிசையைத் தாண்டி முன்னால் வந்தார்.

"ஐயா, நான் மட்டும் இப்ப மேல ஏறி ஓடிப் போனா, ராத்திரி ரோட்டப் புடிச்சிருவேன். காய்கறி லோரி ஏறியாவது பெரட்டுக்குப் போயிருவேன். வழி நெடுகக் கெளைய ஒடிச்சு அடையாளம் வச்சுட்டுப் போறேன். கீழ கம்பத்து ஊர்க்காரங்ககிட்ட சொல்லி ஆளும் அனுப்புறேன்."

"எங்களை இங்கயே சாக விட்டுட்டுப் போறியா?"

"அடையாளம் வைக்கிறேன்னு சொல்றேனேங்க."

"பேசாம இரு. உன் காண்டிராக்டர் எனக்குத் தெரிஞ்ச ஆளு. நானே நேர்ல வந்து சொல்றேன். பேர வெட்டமாட்டான்."

கூலியாள் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். நான் ஈரமான நெருப்புப் பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அவர் மூங்கில் வெட்டி எங்களுக்குப் பரண் கட்ட ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை விடிந்ததும் அவர் முன்னால் நடந்தார். யாரும் வரிசை பேசவில்லை. ஸ்டோர் கிராணியைப் பாதித் தூரம் முதுகில் சுமந்தார். பகல் ஒன்று நாற்பதுக்குச் சாலையில் நின்றோம். பெரட்டு முடிந்து ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

செவ்வாய்க்கிழமை ஆபீஸுக்குப் போனால், முந்தின நாள் வராத எங்கள் நால்வருக்கும் மலைக்காய்ச்சல் என்று ஏற்கெனவே பதிவாகியிருந்தது. பெரிய கிராணி முதல் வேலையாக அதைச் செய்திருந்தார். அன்று மாலை கூலியாள் எங்கள் வரிசை வீடுகளுக்கு வந்தார். பெயரை வெட்டிவிட்டார்கள். நான் பெரிய கிராணி வீட்டுக்குப் போனேன்.

"வாக்குக் குடுத்தீங்களே, ஐயா. போய்ச் சொல்லுங்க."

"என்னன்னு தம்பி சொல்றது? காய்ச்சல்ல படுத்திருந்த நாலு பேரு மலையில இருந்தாங்கன்னா? ஆபீஸ்லயும் ஆள் குறைக்கிறாங்க, தெரியுமா உனக்கு? ஒரு கூலிக்காரனுக்காக நாலு குடும்பம் தெருவுல நிக்கணுமா?"

"அவனுக்கும் குடும்பம் இருக்கு."

"அது ஊருல இருக்கு. போய்ச் சேந்துக்கட்டும்."

புதன்கிழமை நான் தனியாகக் கங்காணியைத் தேடிப் போனேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பினார்.

"மலை பாக்கப் போனானாம், மலை. இவன் என்ன வெள்ளக்காரத் தொரையா? வாசல்ல பாருங்க, அவன் எடத்துக்கு எத்தன பேரு நிக்கிறான்னு." பிறகு சற்று இறங்கி வந்தார். "சரி, படிச்சவரு வந்து கேக்குறீங்க. இப்பச் சொன்னத எழுதி, உங்க ஆபீஸ் பேரப் போட்டு, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. மொதலாளிகிட்ட காட்டுறேன். இன்னைக்கே குடுங்க, நாளைக்கு ஆள் எடுத்துருவோம்."

தாளும் தந்தார். ஆபீஸ் பெயரை எழுதினால் காய்ச்சல் பொய்யாகும். "நாளைக்குக் கொண்டு வரேன்," என்றேன். வாழ்நாள் முழுதும் எழுதிக்கொண்டிருந்தவன், எழுதியே ஆக வேண்டிய அந்த ஒரு நாளில் எழுதவில்லை. வெள்ளிக்கிழமை கையெழுத்திட்டுக் கொண்டு போனபோது அந்த இடத்தில் வேறொருவன் மண் வெட்டிக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை பிற்பகல் கிள்ளானுக்கு ரயிலேறினேன். ஊருக்குக் கப்பலேற வேண்டியவர்களை அங்கே ஒரு கொட்டகையில் வைத்திருந்தார்கள். கூலியாள் ஒரு தகரப் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார். நான் கடிதத்தை நீட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார்.

"எல்லாம் சரியா எழுதியிருக்கீங்க கிராணியாரே. மூணு நாளைக்கு முந்தி எழுதியிருக்கலாம்."

"ஊருல நெலம் ஏதாச்சும்…"

"நெலம் இருந்தா நான் ஏன் இங்க வரேன்? போங்க, ரயிலு போயிரப் போவுது."

திங்கட்கிழமை ஆபீஸில் பெரிய கிராணி எல்லார் முன்னாலும் கேட்டார், சனிக்கிழமை பிற்பகல் என்னை எங்கேயும் காணோமே என்று. கிள்ளானுக்குப் போனதையும், யாரைப் பார்க்கப் போனேன் என்பதையும், யார் கொடுத்த வாக்கினால் அந்த மனிதர் கப்பலேறுகிறார் என்பதையும் எழுந்து நின்று உரக்கச் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி டைப்பிஸ்டைப் பார்த்தார். "பாவம், தம்பிக்குக் காய்ச்சல் இன்னும் விடல போல."

டைப்பிஸ்ட் சிரித்தான். ஸ்டோர் கிராணியும் சிரித்தார், வீங்கிய காலை நாற்காலியின்மேல் நீட்டியபடி. நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன்.