சில ஆக்கள்

நிறஞ்சனாவுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள், பாட்டுக் கட்டுவாள். கத்தினாலாவது கோபம் அன்றோடு முடிந்துவிடும். பாட்டு அப்படியில்லை, அது போனுக்குப் போன் தாவி ஊரெல்லாம் போய்விடும். இருபத்துநாலு வயதுக்குள் அவள் சம்பாதித்த பகை ஒரு ஆயுளுக்குப் போதும். அதற்காக அவள் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை, ஒரே ஒரு பாட்டைத் தவிர.

முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவள். அப்பா ஸ்ரனிஸ்லஸ் அந்தக் கரையில் மீன் கூறுகிறவர். போட் வந்து மீனை மணலில் கொட்டியதும் குவியலுக்குப் பக்கத்தில் நின்று ஏலம் போடுகிற வேலை. சுற்றி நிற்கிற வியாபாரிகளின் கண்ணையும் விரலையும் பார்த்துப் பார்த்து விலையை ஏற்றிக்கொண்டு போய்க் கடைசியில் ஒருவன் தலையில் கட்டிவிட வேண்டும். ஸ்ரனிஸ்லஸ் கூறத் தொடங்கினால் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ஈகூடப் புகாது. அந்த வாய்தான் மகளுக்கும் வந்தது. ஊர் அவளை வாய்க்காரி என்றது. அதே வாய் ஒரு ஆண்பிள்ளைக்கு வந்திருந்தால் திறமை என்று சொல்லி மாலை போட்டிருக்கும்.

பதினைந்து வயதில், தண்ணீரூற்றில் போன் திருத்துகிற பிரசாந்தனின் கடையில்தான் அவள் முதன்முதலாக ராப் கேட்டாள். அமெரிக்காவில் எவனோ ஒரு கறுப்பின இளைஞன் பாடியது. இங்கிலீசு பாதிக்கு மேல் விளங்கவில்லை, அவனுடைய கோபம் மட்டும் முழுக்க விளங்கியது. பிரசாந்தன் அந்தப் பாடகனின் கதையைச் சொன்னான். தகப்பன் இல்லாமல் வளர்ந்தவன், பள்ளிக்கூடம் துரத்திவிட்டது, பாட்டைத் தானே பதிந்து கார் டிக்கியில் வைத்து விற்றவன். தன் தெருப் பிள்ளைகளுக்குத் தூள் விற்றவனின் பேரை முதல் பாட்டிலேயே சொல்லிவிட்டானாம். பேரையா என்று கேட்டாள் நிறஞ்சனா. பேரைத்தான் என்றான் பிரசாந்தன்.

அவளுக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. இந்தக் கோதாரியில் போன கரையில் பேர் சொல்கிற வழக்கமே இல்லை. கோயில் மணிக்கூடு காணாமல் போனால் அதைச் சில ஆக்கள் எடுத்துவிட்டார்கள். நிவாரணச் சாமான் குறைந்தால் சில ஆக்கள் அமுக்கிவிட்டார்கள். மீனவர் சங்கக் கூட்டத்தில் எழும்பிப் பேசுகிறவருக்கு ஆகத் தாங்க முடியாத கோபம் வந்தால், இங்கே இருக்கிற சில ஆக்களுக்கு நான் சொல்வது விளங்கும் என்பார். அந்தச் சில ஆக்களில் ஒருவர் முன்வரிசைக் கதிரையில் இருந்து, எல்லாருக்கும் முதல் தலையை ஆட்டுவார். பிறகு எல்லாரும் தேத்தண்ணி குடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

அவளுடைய முதல் பாட்டு ஒரு பஸ் கொண்டக்டரைப் பற்றியது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை உரசிக்கொண்டு போகிற கழுதை. பேர், பஸ் போகிற பாதை, அவன் நிற்கிற வாசல், எல்லாம் பாட்டில் வந்தது. பிரசாந்தனின் கடையிலேயே போனில் பதிந்து முகநூலில் போட்டார்கள். மூன்றாம் நாள் கொண்டக்டர் அவளுடைய வீட்டுப் படலையில் வந்து குதித்தான். என் பிள்ளை சொன்னதில் எது பொய் என்று சொல், உனக்கு முன்னாலேயே அடிக்கிறேன் என்றார் ஸ்ரனிஸ்லஸ். கொண்டக்டர் திரும்பிப் போய்விட்டான். அன்று அப்பாவைப் பார்த்து அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

பிறகு ஒரு ஆடைத் தொழிற்சாலையில் ஒன்பது மாதம் தைத்தாள். மலசலகூடம் போவதற்கு மேற்பார்வையாளரிடம் அட்டை கேட்டு நிற்க வேண்டும், அவர் சிரித்துச் சிரித்து இழுத்தடிப்பார். அவருக்கும் பாட்டு வந்தது, பேரோடு. வேலை போனது. ஆனால் அங்கிருந்த பெட்டைகள் மெசினில் இருந்துகொண்டே அதை முணுமுணுத்தார்கள். கொஞ்ச நாளில் அட்டையும் இல்லாமல் போனது.

அதோடு பேர் பரவியது. வெளிநாட்டில் இருந்தும் கோல் வந்தது. கதைத்தவர்கள் நல்ல மரியாதையாகத்தான் கதைத்தார்கள். போர் முடிந்த மே மாதத்தை நினைக்க ஒரு பாட்டு வேண்டுமாம். எட்டு வயதில் அவள் பட்டதை எல்லாம் பாட வேண்டுமாம், நடுவில் ஓரிடத்தில் அழுதால் இன்னும் நல்லதாம். இந்தக் கண்டறியாத கேள்வியைக் கேட்டதும் அவளுக்குத் தலைக்கு மேல் கொதி ஏறியது.

"எட்டு வயதில நான் பட்டது என்ர. அதை உங்களுக்கு அழுது காட்டேலாது," என்றாள். "இப்ப இங்க நடக்கிறதைக் கேக்க விருப்பமெண்டால் சொல்லுங்கோ, பாடுறன்."

அவர்கள் திரும்ப எடுக்கவில்லை.

அப்போது கரையில் நடந்துகொண்டிருந்தது வெடி. கடலில் டைனமைட் போட்டு மீன் பிடிக்கிறார்கள். ஒரு வெடியில் பெரிய மீனும் சாகும், குஞ்சும் சாகும், முட்டையும் சாகும், அந்த இடத்தில் பிறகு வலை போடுகிறவனுக்குத் தண்ணீர்தான் வரும். கரையில் எல்லாரும் அதைப் பற்றியே கதைத்தார்கள். வெளியில் இருந்து வருகிற சில ஆக்களின் வேலை என்றார்கள். நிறஞ்சனா பாட்டைக் கட்டினாள். வீடியோ எடுத்துத் தருவதாக அல்பேர்ட் மாமா முன்வந்தார்.

அல்பேர்ட் சம்மாட்டி. நாலு போட் வைத்திருக்கிறார், சங்கத்துக்கும் அவர்தான் தலைவர், ஸ்ரனிஸ்லஸ் மீன் கூறுவதும் கரையில் அவர் போட்டிருக்கிற மீன் வாடியில்தான். வவுனியாவில் இருந்து கமெராக்காரரையும் ட்ரோனையும் வரவழைத்தார். தன் போட்டின் முன்பக்க அணியத்தில் அவளை ஏற்றி நிற்கவைத்துக் கடலைச் சுற்றிக் காட்டினார். ஒரேயொரு கதைதான் சொன்னார்: பேர் ஒன்றும் வேண்டாம், பேர் சொன்னால் பிரச்சினை வரும், பொதுவாகப் பாடட்டும். வெளி ஆட்களின் பேர் அவளுக்கும் தெரியாது. விசாரித்துப் பார்த்தும் ஒருவரும் சொல்லவில்லை. சரி என்று விட்டுவிட்டாள். அது அவளுக்கு உறுத்தியது, ஆனாலும் விட்டாள்.

பாட்டு இப்படிப் போனது:

வலை கிழியேல்லை, கடல் கிழிஞ்சுது,
கண் முழிக்க முதல் குஞ்சு முடிஞ்சுது,
வெடி போட்டது ஆர்? சில ஆக்கள்!
விடிய முதல் வந்து போனது ஆர்? சில ஆக்கள்!

அவள் பேரோடு பாடிய பாட்டுக்களை ஆயிரம் பேர் கேட்டிருந்தால் இதை லட்சம் பேர் கேட்டார்கள். கிளிநொச்சியில் மேடை, பரந்தனில் மேடை, துணுக்காயில் விளையாட்டுப் போட்டிக்கும் கூப்பிட்டார்கள். வெடி போட்டது ஆர் என்று அவள் கேட்டால் போதும், கூட்டம் கையைத் தூக்கிச் சில ஆக்கள் என்று கத்தும். பொன்னாடைக்குமேல் பொன்னாடையாக வந்து அலுமாரி நிறைந்தது. அம்மா அற்புதம் மகள் பாடுகிற வீடியோவை எல்லாருக்கும் காட்டினார். அப்பா மட்டும் அந்தப் பாட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. கூச்சம் என்று அவள் நினைத்தாள்.

ஒருநாள் காலை, குழம்புக்கு மீன் எடுக்க அவளே வாடிக்குப் போனாள். வழமையாக அப்பாதான் கொண்டுவருவார், அம்மா வெட்டிக் கழுவிச் சட்டியில் போட்ட பிறகுதான் அவள் குசினிக்குள் வருவாள். அன்று மணலில் ஒரு பெரிய குவியல் பாரை கிடந்தது. அப்பா கூறிக்கொண்டிருந்தார். அவள் குனிந்து ஒன்றைத் தூக்கினாள். புது மீன் விறைத்து நிற்க வேண்டும். இது நனைந்த துணிபோலத் தொங்கியது. அமுக்கிப் பார்த்தால் உள்ளே முள் நொறுங்கியிருந்தது, வயிற்றில் இரத்தம் கட்டியிருந்தது தெரிந்தது. வெடி மீன் எப்படியிருக்கும் என்று அந்தக் கரையில் நாலு வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

இது ஆருடைய போட் மீன் என்று கேட்டாள். வியாபாரிகள் போனைப் பார்த்தார்கள். ஐஸ் பெட்டி தூக்குகிறவர்கள் கடலைப் பார்த்தார்கள். கரையில் நின்றது ஒரே ஒரு போட். வீடியோவில் அவள் கையைப் பொத்தி உயர்த்திக்கொண்டு ஏறி நின்ற அதே போட். அப்பா அவளைக் கண்டார். கூறுவதை நிறுத்தவில்லை. இன்னும் வேகமாகக் கூறினார்.

வீட்டில் அவர் வந்து இருந்ததும் கேட்டாள். எவ்வளவு காலமாக என்று கேட்டாள். மழைக்கு முதலே தொடங்கிவிட்டது என்று அம்மாதான் குசினியில் இருந்து சொன்னார். பாட்டு வந்தது மழைக்குப் பிறகு. அப்படியென்றால் வெடியைப் பற்றிப் பாடப் போன ஒவ்வொரு நாளும் அவள் வெடி மீனைத் தின்றுவிட்டுத்தான் போயிருக்கிறாள்.

"நான் மீன் பிடிக்கேல்லை," என்றார் ஸ்ரனிஸ்லஸ். "நான் கூறுறனான். ஆர் பிடிச்சதெண்டு கூறுறவன் கேக்கிறதில்லை."

"கேக்காமலே உங்களுக்குத் தெரியும், அப்பா."

அவர் எழும்பி வெளியே போனார். பாட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எங்கள் ஆக்களைப் பாடாதே என்றார் அம்மா. பேர் வந்தால் அல்பேர்ட்டுக்கு ஒன்றும் வராது, அப்பாவைத்தான் வாடிக்குள் விடமாட்டார்கள், முப்பது வருடம் நின்ற இடம், இந்த வயதில் அவர் எங்கே போய் நிற்பார் என்றார். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதுதான் நிறஞ்சனாவுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. செய்கிறவன் சுகமாகச் செய்வான், அதைச் சொன்னால் சொல்கிறவளின் தகப்பன் தெருவில் நிற்க வேண்டும். இது என்ன நியாயம்? பொலிசுக்குச் சொல்லலாமே என்று பிரசாந்தன் கேட்டான். சாட்சிக்கு ஆர் வருவார்கள் என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

பத்து நாளில் சங்கத்தின் ஆண்டு விழா. காலையில் போட் ஓட்டப் போட்டி, பின்னேரம் கரையிலேயே மேடை. முன்வரிசையில் அல்பேர்ட் வெள்ளைச் சேர்ட்டோடு இருந்தார். ஸ்ரனிஸ்லஸ் கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். காலையில் அவர் மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டிருந்தார், பாட்டை மாற்றாமல் இருக்கிறபடியே பாடு என்று. அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள்.

நாலு மணிக்கு மேடையில் ஏறினாள். பிரசாந்தன் இசையைப் போட்டான். கூட்டம் முதல் வரியிலேயே எழும்பிவிட்டது.

"வெடி போட்டது ஆர்?"

சில ஆக்கள் என்று கரையே கத்தியது.

"இல்லை," என்றாள் நிறஞ்சனா. "அல்பேர்ட்."

ஒருவன் சிரித்தான். அவனைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவன் சிரித்தான். பிறகு கூட்டமே சிரித்தது. ஒருவருக்கும் அதிர்ச்சியில்லை, ஏனென்றால் ஒருவருக்கும் அது புதினமில்லை. அல்பேர்ட்டும் தொடையில் தட்டிச் சிரித்தார், பிள்ளை நல்லாப் பகிடி விடுகிறாள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அவள் திரும்பவும் ஆர் என்று கேட்டாள். இந்தமுறை கூட்டம் அல்பேர்ட் என்று கத்தி விசிலடித்தது. பேர் சொன்னால் ஊர் மாறும் என்று ஒன்பது வருடமாக நம்பியிருந்தவள், பேரையும் ஒரு கூத்தாக்கிக் கைதட்டிக்கொண்டு நின்ற சனத்தைப் பார்த்தாள். வெட்கம்கெட்ட சனம். அவள் மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்தாள்.

"கூறினது ஆர்?" என்று கேட்டாள்.

கூட்டத்துக்கு அந்த வரி தெரியாது.

"ஸ்ரனிஸ்லஸ். என்ர அப்பா."

சிரிப்பு நின்றது.

"திண்டது ஆர்?"

மறுமொழியையும் அவளே சொன்னாள்.

"நிறஞ்சனா," என்றாள். பிறகு மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினாள். "திண்டது ஆர்?"

இசை மட்டும் போய்க்கொண்டிருந்தது. முன்வரிசையில் அல்பேர்ட்டின் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. வாங்கியவர்கள் நின்றார்கள், ஐஸ் போட்டவர்கள் நின்றார்கள், சமைத்தவர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அவள் நாலுதரம் கேட்டாள். நாலுதரமும் மைக்குக்குள் கடல் இரைச்சல்தான் வந்தது. ஆரோ வந்து வயரைப் பிடுங்கினார்கள்.

இரண்டாம் நாள் வாடியில் அல்பேர்ட்டின் மருமகன் நின்று மீன் கூறினான். கூறத் தெரியாத கூறல் என்று கேட்டவர்கள் சொன்னார்கள். முகநூலில் அவளைத் தகப்பனைக் காட்டிக்கொடுத்தவள் என்று எழுதினார்கள். எழுதியவர்களில் பாதிப் பேருக்குச் சொந்தப் பேரே இல்லை. மேடைக்குக் கூப்பிட்டவர்கள் ஒவ்வொருவராக ஏதோ சாட்டுச் சொல்லி நழுவினார்கள். அந்தப் பாட்டை இப்போது கரையில் ஒருவரும் போடுவதில்லை. அல்பேர்ட்டின் மீனை வாங்க வருகிறவர்கள் மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கிறார்கள். கொஞ்சம்தான்.

ஸ்ரனிஸ்லஸ் ஐந்து நாள் அவளோடு கதைக்கவில்லை. ஆறாம் நாள் அவள் சோற்றுக் கோப்பையைக் கொண்டுவந்து வைத்தபோது அவர் கத்தினார். அவர் கத்தி அவள் கண்டதேயில்லை.

"என்ர பேரைச் சொன்னாய், சரி. நான் செய்தனான். உன்ர பேரை ஏன்டி சொன்னனீ?"

"நானும் திண்டனான், அப்பா."

"நீ தெரியாமல் திண்டனீ! நாங்கள் தெரிஞ்சு தந்தனாங்கள்!"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. கோப்பையைத் தள்ளி வைத்தார். குசினியில் அற்புதம் கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அந்த வீட்டில் அன்று ஒருவரும் சாப்பிடவில்லை.