அடுத்த தாளுக்குப் போன அடிக்குறிப்பு

எங்கள் மருத்துவக் கல்லூரி நூலகத்தில் அவரை எல்லோரும் ‘அட்டவணை அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு கட்டுரையைக் கையில் கொடுத்தால் தலைப்பைப் பார்க்க மாட்டார், முடிவுரையைப் பார்க்க மாட்டார். நேராக அட்டவணைக்குப் போய்விடுவார். புத்தகங்களுக்கு முத்திரை குத்தும் வேலைக்கு வந்தவர். நூலகத்துக்குக் கணினி வந்த வருடம், மற்றவர்கள் அதற்கு உறை போட்டு மூடி வைத்திருந்தார்கள். இவர் மட்டும் மதிய இடைவேளைகளில் உறையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, ஆராய்ச்சி இதழ்களின் தரவுத்தளங்களில் எந்தச் சொல்லைப் போட்டால் எது வரும் என்று தானாகவே கற்றுக்கொண்டார். இப்போது பெரிய பெரிய டாக்டர்களே “கொஞ்சம் தேடிக் குடுங்களேன்” என்று வந்து நிற்கிறார்கள். வீட்டில்தான் மதிப்பில்லை. “நாள் பூரா தேடுற, என் கண்ணாடி எங்கன்னு மட்டும் தேடத் தெரியாது” என்பாராம் பேருந்து ஓட்டும் அவர் கணவர்.

நான் அவருக்குப் பக்கத்து மேசை. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன்.

காலை பதினொரு மணிக்கு, எதிர்ப்புறம் உள்ள மகப்பேறு மருத்துவமனையின் நர்ஸ் மூச்சிரைக்க வந்தார். பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று சோதிக்கும் கருவி ஒன்று அவர்கள் வார்டில் இருக்கிறது. அதை வெளியூர்ப் பெரிய மருத்துவமனைக்கு மாற்றிவிடலாமா என்று முடிவு செய்ய அன்று மதியம் இரண்டு மணிக்குக் கூட்டம்.

“பச்சப் புள்ளையத் தூக்கிட்டு மூணு மணி நேரம் பஸ்ல யாருக்கா போவாங்க? கண்டுபிடிக்காமலே விட்டுடுவாங்க. காது கேக்காத புள்ளைக்குப் பேச்சும் வராது. எத்தனை குழந்தைக்கு இந்தக் குறை இருக்கு, அச்சுல வந்த கணக்கக் கொண்டான்னு கேக்குறாரு கமிட்டித் தலைவர். நான் இன்டர்நெட்ல தேடினா காது மெஷின் விளம்பரமா வந்து கொட்டுது.”

“அது சந்தை, சிஸ்டர். இங்க வாங்க, இது வேற கடை” என்று அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டார்.

தரவுத்தளத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் அவர்களே பொருள் தலைப்புகள் கொடுத்திருப்பார்கள். நாம் வாயில் வருவதைப் போட்டால் பாதி சிக்காது. கேட்கும் திறன் இழப்பு, பிறந்த குழந்தை, பாதிப்பு விகிதம் என்று மூன்றையும் அவர்கள் சொல்லிலேயே அக்கா சேர்க்கச் சேர்க்க, பதினோராயிரம் கட்டுரைகள் முந்நூறாகி, முந்நூறு நாற்பதானது. பத்தாவதாகத் திறந்ததில் அழகான அட்டவணை. நூற்றுக்கு மூன்று!

“நூத்துக்கு மூணா! போதும்கா, இது போதும்!” நர்ஸ் அச்செடுத்த தாளை வாங்கிக்கொண்டு பறந்தார்.

ஒன்று பத்துக்கு அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். அச்சுப்பொறியில் ஒரு தாள் கிடந்ததை நான் எடுத்துக் கொடுத்தேன். மேலே ஒரே ஒரு வரி: ‘இக்குழந்தைகள் அனைவரும் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்கள்.’ அட்டவணை பக்கத்தின் கடைசி வரை நிறைந்திருந்ததால் அதன் அடிக்குறிப்பு அடுத்த தாளுக்குப் போயிருந்தது. நர்ஸ் முதல் தாளோடு போய்விட்டார்.

“போச்சு, குடி கெட்டுது!” அக்கா டப்பாவை மூடினார். “தலைவரே காது டாக்டர்மா. நோயாளிக் குழந்தைங்க கணக்க எல்லாக் குழந்தைக்கும் சொன்னா விடுவாரா? சிஸ்டர் மானம் கப்பலேறிடும். அதுவும் என்னால.”

அக்கா கூப்பிடக் கூப்பிட நர்ஸின் போன் மணியடித்துக்கொண்டே இருந்தது. வார்டுக்குள் எடுக்க மாட்டார்கள்.

அக்கா மீதிக் கட்டுரைகளைத் திறந்தார். ஒன்றில் பள்ளிப் பிள்ளைகள். ஒன்றில் முதியவர்கள் எப்படியோ நுழைந்திருந்தார்கள். ஒன்றில் மொத்தமே பன்னிரண்டு குழந்தைகள். நடுவில் கணவர் போன். “சாப்பிட்டியா?”

“ஆயிரத்துக்கு எத்தனைன்னு தெரியாம ஒரு வாய் இறங்காதுங்க. வைங்க போன!”

மணி ஒன்றரை. திடீரென்று விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். “எத்தனைன்னு கேக்குற கட்டுரையவே தேடிட்டிருக்கேன் பாரு. அந்த மெஷின் இங்க ஆறு வருஷமா இருக்கு. அத வெச்சு எந்த டாக்டராவது எதையாவது எழுதாமலா இருப்பாரு?”

போட்டிருந்த சொற்களை எல்லாம் அழித்தார். எழுதியவரின் முகவரிக்கான கட்டத்தில் எதிர் மருத்துவமனையின் பெயரை அடித்தார். கூடவே ‘காது’ சம்பந்தமான ஒரே ஒரு சொல். நான்கு கட்டுரைகள் வந்தன. மூன்றாவது, இரண்டு வகைக் கருவிகளில் எது சீக்கிரம் சோதித்து முடிக்கிறது என்பதைப் பற்றியது. தலைப்பிலும் சுருக்கத்திலும் நமக்கு வேண்டியது எதுவுமே இல்லை. அக்கா நேராக முதல் அட்டவணைக்குப் போனார். அந்த மருத்துவமனையில் பிறந்து சோதிக்கப்பட்ட குழந்தைகள் 11,240. குறை உறுதியானவர்கள் 26.

“இருக்கு! ஏம்மா, இருக்கு!” நூலகத்தில் சத்தம் போடாதே என்று ஊரையே அடக்குகிறவர் கத்தினார். பிறகு அடிக்குறிப்பைத் திரையில் விரல் வைத்து இரண்டு முறை படித்தார். எல்லாக் குழந்தைகளும்தான், யாரையும் தனியாகப் பொறுக்கி எடுக்கவில்லை. இரண்டு பக்கங்களையும் அச்செடுத்துப் பின் அடித்தபோது ஒன்று நாற்பத்தெட்டு.

முட்டி வலி என்று லிஃப்டுக்காகப் பத்து நிமிடம் நிற்பவர் இரண்டு மாடியைப் படியிலேயே இறங்கினார். நானும் பின்னால் ஓடினேன். எதிர் மருத்துவமனையின் கூட்ட அறை வாசலில் நர்ஸைப் பிடித்துவிட்டோம்.

விஷயத்தைக் கேட்டதும் நர்ஸின் முகம் சுருங்கியது. “ஆயிரத்துக்கு ரெண்டு சொச்சமா? முப்பது எங்க, ரெண்டு எங்க! இதக் காட்டினா மெஷின இன்னைக்கே வண்டியில ஏத்திடுவாங்கக்கா.”

“சின்னதுதான் சிஸ்டர். ஆனா உங்க வார்டுலயே எடுத்தது. வருஷத்துக்கு எத்தனை பிரசவம்?”

“மூவாயிரத்து ஐந்நூறு.”

“அப்போ எட்டுக் குழந்தை. வருஷா வருஷம் எட்டு. அப்படியே சொல்லுங்க.”

நர்ஸ் பழைய தாளை அக்காவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். கதவு சாத்தப்பட்டது. வெளியே பெஞ்சில் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தோம். அக்கா அந்தத் தாளை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டே இருந்தார்.

கதவு திறந்தது. நர்ஸ் கிட்டத்தட்ட குதித்து வந்தார். “எடுத்த எடுப்புலயே எந்தக் குழந்தைங்கன்னு கேட்டாருக்கா! இங்க பொறந்ததுங்க சார், அத்தனையும்னேன். வாங்கிப் புரட்டிப் பார்த்தாரு. அப்புறம் நேரா ஓட்டுக்கு விட்டாரு. மெஷின் இங்கயேதான் இருக்கணும்னு ஏழு பேர் கை தூக்கினாங்க!”

“உள்ள மொத்தம் எத்தனை பேரு?” என்றார் அக்கா.

“ஒன்பது.”

அதைக் கேட்ட பிறகுதான் அக்காவின் முகம் மலர்ந்தது.