என் வீடியோவைப் பார்த்த அம்மாக்கள்

1. ஆமா, இல்லையா?

புதிதாக சேனல் தொடங்கும் பிள்ளைகள் என்னிடம் கேமரா பற்றிக் கேட்கிறார்கள், மைக் பற்றிக் கேட்கிறார்கள். என் தூக்கத்தைக் கெடுத்தது இரண்டுமே இல்லை. ஒரு நாள் காலை சேனலைத் திறந்தபோது திரையில் நின்ற ஒரு கேள்வி. ‘இந்த வீடியோ குழந்தைகளுக்கானதா?’ ஆம் அல்லது இல்லை. எல்லா வீடியோவுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

என் சேனல் ஸ்கூல் பிராஜெக்ட் சேனல். நெய்வேலி குவார்ட்டர்ஸின் பின்கட்டில் ஒரு மேஜை போட்டு, அட்டைப்பெட்டி, பசை, கத்தரிக்கோல் வைத்து எடுப்பேன். முகம் வராது. இரண்டு கைகளும் குரலும்தான். எரிமலை, நீர் சுழற்சி, சூரியக் குடும்பம் எல்லாம் செய்திருக்கிறேன். அதிகம் ஓடியது, எங்கள் ஊர் நிலக்கரி மைன்ஸில் மண் வெட்டுகிற ராட்சதச் சக்கர மெஷினை அட்டையில் செய்தது.

பெற்றோர் அனுமதி இல்லாமல் குழந்தைகளின் விவரங்களை இணையத்தில் சேகரிக்கக் கூடாது என்று அமெரிக்காவில் ஒரு சட்டம் இருக்கிறது. அதற்காகத்தான் தளம் எங்களைக் கேட்கிறது. ‘ஆம்’ என்றால் கமென்ட் மூடிவிடும். புது வீடியோ வந்த தகவல் யாருக்கும் போகாது. ஆளைப் பார்த்துப் போடும் விளம்பரமும் நின்றுவிடும். எங்கோ போட்ட சட்டம் என் மேஜையில் வந்து விழுகிறதே என்று ஆத்திரமாக வந்தது. உட்காரவும் முடியவில்லை, வேலை ஓடவும் இல்லை. சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

ஷிப்ட் முடிந்து வந்த வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் லுங்கிக்கு மாறிக்கொண்டே சொன்னார்:

“அட்டையில பொம்ம செஞ்சிகினு இருக்க. பசங்க பாக்காம ஜெனரல் மேனேஜரா பாப்பாரு?”

“ஸ்கூல் பிராஜெக்ட் எந்த ஊர்ல பசங்க செஞ்சாங்க? அம்மாங்கதான செய்யறாங்க! இதோ பாருங்க.”

போனில் சேனலின் பார்வையாளர் கணக்கைக் காட்டினேன். பார்க்கிறவர்களில் பெரும்பகுதி பெண்கள், முப்பதைத் தாண்டியவர்கள் என்று படம் போட்டுக் காட்டியது. அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். நான் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ கொடுத்தேன். பொய் சொன்னதாக அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

2. சக்கரம் சுத்தல

கமென்ட்தான் எனக்கு உயிர். ‘எந்தப் பசை மேம்?’, ‘எரிமலை பொங்கல மேம்’ என்று வந்துகொண்டே இருக்கும். ஒன்று விடாமல் பதில் போடுவேன்.

ஒரு சாயங்காலம், சக்கர மெஷின் வீடியோவுக்குக் கீழே ஒரு கமென்ட். சித்ரா என்று ஒரு பெயர், இங்கே மாற்றியிருக்கிறேன். ‘ஆன்ட்டி, சக்கரம் சுத்தவே மாட்டேங்குது. எங்க வீட்டுக்கு வந்து காட்டுறீங்களா?’ அதன் கீழே பிளாக், தெரு, குவார்ட்டர்ஸ் நம்பர். எங்கள் டவுன்ஷிப்பில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி “எந்த பிளாக்?” என்பதுதான். பெயருக்கு முன்னால் நம்பரைச் சொல்லிப் பழகியவர்கள் நாங்கள். சிரித்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போனேன்.

முகமில்லாத ஒரு கணக்கு அதற்குப் பதில் போட்டிருந்தது. ‘நான் வந்து செஞ்சு தரேன் பாப்பா. வீட்ல யாரு இருக்கா?’

‘யாரும் இல்ல. அப்பா செகண்ட் ஷிப்ட். அம்மா பண்ருட்டி போயிருக்காங்க.’

‘சரி வரேன்.’

எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டு அழித்தேன். அழித்து என்ன பயன்? படிக்க வேண்டியவன் படித்துவிட்டான். ஸ்கூட்டியை எடுத்தேன்.

வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. பிளாக்குக்குள் நுழைந்து, தெருவில் திரும்பி, சுவரில் பெயின்ட்டில் எழுதியிருந்த நம்பரைப் பார்த்து நின்றேன். எனக்கு இவ்வளவு சுலபம் என்றால் அவனுக்கும் இவ்வளவுதான்.

கதவைத் தட்டினேன். யார் என்று ஒரு சத்தம் இல்லை. தாழ்ப்பாள் உடனே திறந்தது. இரட்டைப் பின்னல், கையெல்லாம் பசை, எட்டு ஒன்பது வயதிருக்கும்.

“வீல் செய்ய வந்தீங்களா?”

“யாருன்னு கேக்காம இப்படியா கதவத் தொறப்ப?”

“நீங்கதான வரேன்னு சொன்னீங்க.”

என் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. வரேன் என்று சொன்னது நானும் இல்லை. வந்தவர் யாராக இருந்தாலும் அந்தக் கேள்வியைத்தான் கேட்டிருப்பாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.

அவளிடம் அம்மாவின் நம்பரை வாங்கிக் கூப்பிட்டேன். பஸ்ஸில் இருந்தார்களோ என்னவோ, எடுக்கவில்லை. தரையில் உட்கார்ந்து அச்சுக்குச்சியைச் சரிசெய்தேன். காது முழுக்க வாசலில்தான். ஒரு பைக் வந்து மெதுவானது, அப்புறம் போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம். யாரென்று இன்றுவரை தெரியாது.

சக்கரம் சுற்றியது. அவள் கைதட்டினாள். எனக்கு அழுகை வந்தது.

3. அம்மா வந்தார்

அம்மா வந்தபோது நான்தான் கதவைத் திறந்தேன். கையில் பலாப்பழச் சுளைப் பொட்டலத்தோடு அப்படியே நின்றார்.

“யாருங்க நீங்க? எங்க வூட்டுக்குள்ள என்னா பண்றீங்க?”

“உங்க பொண்ணு கமென்ட்ல அட்ரஸ் போட்டிருந்தா...”

“அட்ரஸ் போட்டா உள்ள வந்து உக்காந்துடுவீங்களா?”

நியாயமான கேள்வி. போனில் எடுத்து வைத்திருந்த போட்டோவை நீட்டினேன். படித்தார். படித்து முடித்ததும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“இது உங்க பேர்ல இருக்கற கணக்குங்களா?” என்று நான் கேட்டேன்.

“என் பழைய போனுங்க. ஸ்கிரீன் விரிசல் வுட்டுடுச்சுன்னு இவகிட்ட குடுத்தேன். என் பேருதான் கெடக்கும்.”

“அப்ப என் வீடியோ எல்லாம்...”

“நானா? நான் உங்க வீடியோ ஒண்ணுகூட பாத்ததில்லீங்க.”

முப்பதைத் தாண்டிய பெண்கள் என்று படம் போட்டுக் காட்டியதே, அவர்கள் யார் என்று அப்போதுதான் புரிந்தது. அம்மாக்கள் யாரும் இல்லை. அம்மாக்களின் பழைய போன்கள்.

வீட்டுக்கு வந்து பழைய கமென்ட்களை மறுபடி படித்தேன். இந்த முறை பிள்ளைகளின் குரலில் படித்தேன். ஸ்கூல் பெயர், செக்ஷன், டியூஷன் போகும் நேரம் எல்லாம் அதில் கிடந்தன. நான் ஒவ்வொன்றுக்கும் இதயக்குறி போட்டிருந்தேன். ஒவ்வொரு வீடியோவாக ‘ஆம்’ என்று மாற்றினேன். ஒவ்வொன்றின் கீழும் கமென்ட் எல்லாம் மறைந்தன.

அன்றிலிருந்து பார்ப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். புது வீடியோ போட்டுவிட்டு, யாராவது ஏதாவது சொன்னார்களா என்று இப்போதும் கை தானாகப் போனைத் தேடுகிறது. யாரும் சொல்ல முடியாது. வலிக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். எல்லாப் பழியையும் எங்கள் மாதிரித் தனி ஆள் தலையில் கட்டும் தளத்தின் மேல் கோபமும் தீரவில்லை.

ஆனாலும் தம்பி தங்கைகளே, அந்தக் கேள்வி உங்கள் திரையிலும் வரும். அப்போது கணக்குப் படத்தைத் திறக்காதீர்கள். அதில் பெரியவர்கள்தான் தெரிவார்கள். தட்டியது யார் என்று கேட்காமல் அந்தப் பெண் எனக்குக் கதவைத் திறந்தாள். வீடியோவில் கேட்ட என் குரலை நம்பித்தான் திறந்தாள். வாசலில் அன்று அவனுக்குப் பதில் நான் நின்றேன், அவ்வளவுதான்.