தண்ணீரில் நிற்காத வண்டி

ஷர்மிளாவின் கார் வெள்ளத்தில் நிற்கவே இல்லை. சென்னை அம்பத்தூரை ஒட்டிய மேனாம்பேட்டில் அவள் குடியிருந்த தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறியது உண்மை. எதிர்வீட்டு ஸ்கூட்டர் மிதந்துபோய் மின்கம்பத்தில் முட்டிக்கொண்டு கிடந்ததும் உண்மை. ஆனால் அந்த நேரத்தில் அவளுடைய கார் பாடி மேம்பாலத்தின் மேல், கைப்பிடிச் சுவரை ஒட்டி, வரிசையாக நின்ற கார்களுக்கு நடுவில் இருந்தது. புயல் என்று டிவியில் சிவப்பு எழுத்து ஓடத் தொடங்கினால், அந்தப் பக்கத்து ஜனங்கள் பாலும் மெழுகுவத்தியும் வாங்குவதற்கு முன்னால் செய்கிற காரியம் அது. வண்டியைப் பாலத்தில் ஏற்றி விட்டுவிட்டு, குடை நிற்காத காற்றில் நனைந்துகொண்டே வீட்டுக்கு நடந்து வருவார்கள். முதலில் விசிலடித்து விரட்டிய போலீஸ்காரர்கூட, கடைசியில் "ஓரமா ஒட்டி உடும்மா" என்று இடம் காட்டினார்.

மழை விட்டுத் தண்ணீர் வடிந்த பிறகு அவள் போய்ப் பார்த்தாள். ஒரே சாவியில் வண்டி கிளம்பியது. மிதியடி காய்ந்திருந்தது. இருக்கையில் ஒரு பொட்டு ஈரமில்லை. வலப்பக்க ஹெட்லைட்டில் மட்டும், கண்ணாடியின் உட்புறம், யாரோ வாயை வைத்து ஊதியதுபோல ஆவி படிந்திருந்தது. படுக்கைவாட்டில் அடித்த மழை எந்தச் சந்து வழியாகவோ புகுந்திருக்கிறது. அவள் துப்பட்டா முனையால் துடைத்துப் பார்த்தாள். வெளிக்கண்ணாடி பளிச்சென்று ஆனது. உள்ளே இருந்தது அப்படியே இருந்தது.

வெயில் வந்தால் போய்விடும் என்று விட்டுவிட்டாள். வெயில் வந்தபோது போகவும் செய்தது. மதியத்தில் காணாமல் போன ஆவி, பொழுது சாய்ந்து காற்று குளிர்ந்ததும் வந்து உட்கார்ந்துகொண்டது. சில நாட்களில் துளிகள் கோத்து, கீழ்விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்குத் தண்ணீரே தேங்கி நின்றது.

"இன்னாக்கா, மீன் தொட்டி வெச்சிகீற?" என்றான் தேவா. அவள் கார் ஓட்டுகிற டிராவல்ஸுக்கே ஓட்டுகிறவன். "கலர் மீனு ரெண்டு வாங்கி உடு. பொண்ணுங்க பாத்துகினே வருங்க."

"உன் வாயில உடறேன், மூடு."

சிரித்துக்கொண்டே சொன்னாலும், அந்த ஈரத்தை அவளால் விளையாட்டாக விட முடியவில்லை. காரணம் இருந்தது.

ஷர்மிளா ஆவடியில், தொழிற்சாலைக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். பன்னிரண்டாவது முடித்ததும் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஏற்றுமதிக்குத் துணி தைக்கிற கம்பெனியில் சேர்ந்தாள். வேலை பிடித்துத்தான் இருந்தது. வேலை விட்டு வீடு திரும்புவதுதான் பிடிக்கவில்லை. ஷேர் ஆட்டோவில் நாலு பேர் இடத்தில் ஏழு பேராக, தோளும் முழங்கையும் எங்கே படுகிறது என்று பார்த்துப் பார்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டு வருவது. கல்யாணமாகி, பையன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு ஒருநாள், டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தாள். சொல்லிக் கொடுத்தவர் தன் பக்கத்து பிரேக்கிலிருந்து காலை எடுத்ததே இல்லை. "நீ ஓட்டறன்னு நெனச்சிகினு கீற. நான்தான் ஓட்டறேன்" என்பார். லைசென்ஸ் வாங்கிய அன்று, அவரையே பின்சீட்டில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் இறக்கிவிட்டாள்.

இப்போது அவள், எஸ்டேட்டில் இரண்டாவது ஷிப்ட் முடித்து வரும் பெண்களை வீடு கொண்டு சேர்க்கிறாள். வண்டி அவளுடையது. தொழிற்சாலைக்கு வண்டி ஏற்பாடு செய்து தரும் ஒரு டிராவல்ஸில் பதிந்திருந்தாள். அங்கே ஓட்டுகிறவர்களில் அவள் ஒருத்திதான் பெண். மற்ற வண்டிகளில் ஏற ஒதுக்கப்பட்ட பெண்கள்கூட அவள் வண்டிக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டார்கள். வாழ்க்கையில் அவள்தான் வேண்டும் என்று கேட்டவர்கள் அவர்கள்தான்.

மழைக்குப் பிறகு டிராவல்ஸின் மேற்பார்வையாளர் சம்பத், வாட்ஸப் குழுவில் குரல்செய்தி ஒன்று போட்டார். "எல்லாரும் கேட்டுக்கங்க. சனிக்கிழமை காலையில நசரத்பேட்டை யார்டுக்கு வண்டி கொண்டாந்து காட்டணும். தண்ணியில நின்ன வண்டி எதுவும் லேடீஸ் டிரிப்புக்குக் கிடையாது. போன வருஷம் நடந்தது ஞாபகம் இருக்கும்."

ஷர்மிளாவுக்கும் ஞாபகம் இருந்தது. வெள்ளத்தில் நின்று எழுந்த ஒரு வண்டி, திருவேற்காடு தாண்டி ஆளரவமில்லாத இடத்தில் செத்து நின்றுவிட்டது. உள்ளே மூன்று பெண்கள். வேறு வண்டி வந்து சேரும்வரை அவர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சம்பத் சொன்னது நியாயமான பேச்சு. அவர் இடத்தில் அவள் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள். ஆனால் தண்ணீரில் நின்ற வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்பது சென்னையில் எல்லோருக்கும் தெரியும். முதலில் பார்ப்பது ஹெட்லைட்டைத்தான். உள்ளே ஈரம் இருந்தால் மேற்கொண்டு பேச்சே இல்லை.

அவள் கணவன் குணசேகரன், அம்பத்தூரில் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை செய்தான். தண்ணீர் என்றால் அவனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அடைப்பது. வாசல்படியில் ஒன்றரையடிக்குச் செங்கல் வைத்துப் பூசியிருந்தான். கதவிடுக்கில் ரப்பர் பட்டை. ஜன்னல் சட்டத்தைச் சுற்றி சிலிக்கான் பசை. இந்த மழையில் தண்ணீர் வாசலைத் தொடவேயில்லை. கக்கூஸ் வழியாகக் குபுகுபுவென்று வந்தது. அப்போதும் அவன் அதன் வாயில் ஒரு தட்டைக் கவிழ்த்து மேலே மணல் மூட்டையை வைத்து, அதன்மேல் தானே உட்கார்ந்துகொண்டான்.

ஹெட்லைட் சமாசாரம் கேட்டதும், "இவ்ளோதானா" என்று கடையிலிருந்து பசைக்குழாய் ஒன்று கொண்டுவந்தான். பானெட்டைத் தூக்கி, விளக்கின் பின்பக்கம் தலையை விட்டுத் தடவித் தடவி, ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தான். சின்ன ரப்பர் குழாய், திறந்த வாயோடு.

"பாத்தியா. இது வழியாத்தான் பூந்துகீது. எவன் இத்த தொறந்து வெச்சான்?" என்று அதை அடைத்தான். சுற்றிலும் இன்னொரு சுற்றுப் பூசினான். "இனிமே காத்துகூட பூராது."

காற்றும் புகவில்லை, ஈரமும் போகவில்லை. அதுவரை மதியத்திலாவது தெளிந்துகொண்டிருந்த கண்ணாடி, அதன்பிறகு உச்சி வெயிலிலும் தெளியவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் பூந்தமல்லிக்கு ஓட்டிக்கொண்டு போனாள். அங்கே ஆசிம் என்பவர் கார்களுக்கு வயரிங், விளக்கு வேலை மட்டும் பார்க்கிறவர். கடை முழுக்கக் கழற்றிப் போட்ட ஹெட்லைட்டுகள். மழைக்குப் பிறகு அவருக்குத் தலைக்குமேல் வேலை. பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்தவர், நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"இத்த யாருக்கா அடச்சது?"

"ஊட்டுக்காரு."

"மூச்சு வாங்கற ஓட்டைய அடச்சி உட்டாரே மனுஷன். உள்ள கீற ஈரம் எங்க போவும்?" பசையைச் சுரண்டி எடுத்துக்கொண்டே கேட்டார். "அண்ணன் இன்னா வேல செய்றாரு?"

"ஹார்டுவேர் கட."

"அதான."

"இத்த கழட்டிக் காய வெச்சிக் குடுத்துடேன் பாய். காலையில செக்கிங் கீது."

ஆசிம் தன் கடையைச் சுற்றிக் கையைக் காட்டினார். "கழட்டினா சூடு காட்டித்தான் கண்ணாடியப் பிரிக்கணும். காய வெக்கணும், திருப்பி ஒட்டணும், ஒட்டுனது காயணும். திங்கக்கெழம வா, சோக்கா பண்ணித் தரேன். இப்ப ஓட்டைய தொறந்துட்டேன். மேல ஆண்டவன் வெயில் குடுக்கணும்."

அவள் வானத்தைப் பார்த்தாள். கழுவாத பாத்திரம்போல இருந்தது. மறுபடி மழை என்று காலையிலேயே சொல்லியிருந்தார்கள்.

"வேற வழியே இல்லியா?"

"லைட்ட போட்டுகினே ஓட்டு. பல்பு சூட்டுல கொஞ்சங்கொஞ்சமாக் காயும். வண்டி ஓடசொல்ல மட்டும் போடு. சும்மா நிக்கசொல்ல போட்டுடாத, பேட்டரி எறங்கிடும்."

சனிக்கிழமை காலையில், பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு அவள் அம்பத்தூரிலிருந்து நசரத்பேட்டைக்குச் சுற்றிச் சுற்றிப் போனாள். எதிரே வந்த பைக்காரர்கள், கையைக் குவித்து விரித்து விளக்கு எரிகிறது என்று ஜாடை காட்டினார்கள். அவள் தலையாட்டிக்கொண்டே போனாள். வேலப்பன்சாவடியில் நிறுத்திப் பார்த்தபோது, பல்புக்கு நேர் எதிரே ஒரு இட்லியளவுக்குத் தெளிந்திருந்தது. அவளுக்குச் சிறு நம்பிக்கை வந்தது.

யார்டில் ஏற்கெனவே ஏழெட்டு வண்டிகள் வரிசையில் நின்றன. அவள் இன்ஜினை ஓடவிட்டபடி வரிசையின் வாலில் போய் நின்றாள். வாட்ச்மேன் வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"இன்ஜின ஆஃப் பண்ணும்மா. பொகை உள்ள ஆபீசுக்குப் போவுதுன்னு என்னைத் திட்றாங்க."

"கொஞ்ச நேரம்ணா."

"எல்லாரும் ஆஃப் பண்ணிட்டுதான் நிக்கறாங்க. உனக்கு மட்டும் இன்னா தனிச் சட்டம்?"

அவள் இன்ஜினை நிறுத்தினாள். விளக்கை நிறுத்தக் கை வரவில்லை. இறங்கி முன்னால் போய்ப் பார்த்தாள். இட்லி, ஊத்தப்பமாக விரிந்திருந்தது. சம்பத் நாலாவது வண்டிக்கு வந்துவிட்டார். கால்மணி நேரத்தில் தன்னிடம் வந்துவிடுவார் என்று கணக்குப் போட்டாள். அதுவரை தாங்கும். தாங்கவேண்டும்.

அந்த நேரம் பார்த்துத் தொழிற்சாலையிலிருந்து போன் வந்து, சம்பத் காதில் போனை வைத்துக்கொண்டே ஆபீசுக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது. தேவா இரண்டு டீ வாங்கிவந்தான். அவள் குடித்தது என்ன ருசி என்று தெரியவில்லை.

"அக்கா, லைட்டு எரிஞ்சிகினு கீது."

"தெரியும். காயட்டும்."

"பேட்டரி பழசாச்சேக்கா."

"தெரியும்டா."

இன்ஜினைப் போட்டால் வாட்ச்மேன் வருவார். விளக்கை நிறுத்தினால் ஆவி வரும். அவள் இரண்டுக்கும் நடுவில் டீ கிளாசைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணாடியில் கடைசியாக ஒரு மூலையில்தான் மூட்டம் மிச்சமிருந்தது. அது உருகிச் சுருங்குவதைக் கண்கொட்டாமல் பார்த்தாள். ஆபீஸ் கதவு திறந்து சம்பத் வெளியே வந்தபோது அதுவும் போய்விட்டது. கடையிலிருந்து அன்றுதான் எடுத்து மாட்டியதுபோல இருந்தது ஹெட்லைட்.

சம்பத் குனிந்து அதைப் பார்த்தார். விரலால் ஒருமுறை சுண்டினார். "பரவால்லயே. உங்க தெருவுல தண்ணின்னு சொன்னாங்க?"

"வண்டி பாலத்து மேல இருந்தது சார்."

"நல்லது. ஸ்டார்ட் பண்ணும்மா, சத்தம் கேக்கறேன்."

அவள் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினாள். கடகடவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி திருகினாள். இந்த முறை சத்தமும் இல்லை. விளக்கு மஞ்சளாகி, பழுப்பாகி, அவர் கண்ணெதிரிலேயே அணைந்தது.

சம்பத் அணைந்த விளக்கை இன்னொருமுறை சுண்டிப் பார்த்தார்.

"பேட்டரி சார். லைட்ட போட்டு வெச்சிட்டேன். வேற ஒண்ணுமில்ல."

"பகல்ல ஏம்மா லைட்டு?"

அவள் வாயைத் திறந்தாள். உள்ளே ஈரம் இருந்தது, அதைக் காயவைக்க என்று சொன்னால், ஏன் ஈரம் என்பார். சொல்லாவிட்டால், ஏன் விளக்கு என்பார். அவள் பேசாமல் நிற்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அதிலேயே அவருக்கு விடை கிடைத்துவிட்டது.

"சார், அக்கா வண்டி நெசமாவே பாலத்துலதான் சார் இருந்தது, என் வண்டிக்கு ரெண்டு வண்டி பின்னாடி" என்றான் தேவா.

"நீ இன்னிக்கி அவங்களுக்காகச் சொல்லுவ, நாளைக்கி உனக்காக அவங்க சொல்லுவாங்க. நான் உள்ள என்ன பதில் சொல்றது தேவா?" சம்பத்தின் குரலில் கோபமில்லை. அவர் கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள். "தப்பா எடுத்துக்காதம்மா. பொண்ணுங்களை வெச்சிகிட்டு வழியில நின்னுடுச்சின்னா உனக்கே தாங்காது. அடுத்த செக்கிங்குக்குக் கொண்டா, பாக்கலாம். அதுவரைக்கும் உன் ரூட்டுக்கு வேற வண்டி போட்டுடறேன்."

தேவாவும் இன்னும் இரண்டு பேரும் வண்டியைத் தள்ளிச் சுவரோரம் விட்டார்கள். தேவாவின் வண்டியிலிருந்து ஒயர் போட்டு உயிர் கொடுத்ததும், எதுவுமே நடக்காததுபோல வண்டி ஓடத் தொடங்கியது. சம்பத் அதற்குள் கடைசி வண்டியையும் பார்த்துவிட்டுக் கிளம்பியிருந்தார். தூறல் பிடித்தது. அவள் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, எங்கே போவது என்று தெரியாமல் இருந்தாள். அப்போது போன் அடித்தது. கவிப்பிரியா. ஷர்மிளாவின் வண்டியில் கடைசியாக இறங்குகிற பெண். திருவேற்காட்டில் புதிதாகப் பிரித்த மனைகளுக்கு நடுவே தனியாக நிற்கும் வீடு.

"அக்கா, குரூப்ல வேற வண்டி நம்பர் போட்ருக்காங்க. நீ வர்லியா?"

"வர்லம்மா. கொஞ்ச நாளைக்கி."

"உன் வண்டி தண்ணியில நின்னுடுச்சாமே. சொல்லவே இல்ல?"

பாலம், மழை, பசை, பேட்டரி எதையும் ஷர்மிளா எடுக்கவில்லை.

"அத்த உடு. நான் சொல்றத கேளு. புது ஆளுக்கு உன் தெரு தெரியாது. மெயின் ரோட்லயே எறக்கிடறேம்பாரு. எறங்காத. ஊட்டு வாசல் வரைக்கும் வரச் சொல்லு. நீ பூட்டத் தொறந்து உள்ள போற வரைக்கும் ஹெட்லைட்ட இரும்புக் கேட்டு மேலயே அடிச்சிகினு நிக்கச் சொல்லு. திருப்பிகினு போயிடப் போறாரு."



"நீ நின்ன. அவர்ட்ட போயி எப்படிக்கா நிக்கச் சொல்றது?"

"சொல்லித்தான் பாரேன்."

"சொன்னா நிப்பாராக்கா?"

ஷர்மிளா வைப்பரைப் போட்டாள். கண்ணாடி தெளிந்து, மறுபடி நனைந்தது.

"தெரியலம்மா" என்றாள்.