திங்கட்கிழமைச் சட்டைகள்

துப்பறியும் கதைக் குழு ஒன்றிலிருந்து நான் விலகியதைப் பற்றி இன்றும் சிலர் எனக்குச் செய்தி அனுப்புகிறார்கள். மானமுள்ள மனிதர், ஒரே பதிவில் எல்லோர் வாயையும் அடைத்துவிட்டுப் போனார் என்று எழுதுகிறார்கள். அந்தப் பதிவால் என்ன நடந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மந்தைவெளியில் ஒரு சந்து முனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். எனக்கு மனிதர்களோடு பேச வராது. துணி கொண்டுவருபவர்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவேன், அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் நான் ஏதோ கோபத்தில் இருப்பதாக என் மனைவி மூன்று மாதம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் படிப்பேன். பெட்டிக்கடையில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருக்கும் மாத நாவல்களைப் படித்துத்தான் எனக்கு எழுத்துக்கூட்டாமல் படிக்கவே வந்தது. கொலை, போலீஸ், கடைசிப் பக்கத்தில் குற்றவாளி. பிறகு போன் வந்தது. போனில் அந்தக் குழு வந்தது. அங்கே கதை எழுத ஆசைப்பட்டவர்கள் வாரத்துக்கு ஒரு அத்தியாயம் போடுவார்கள். மற்றவர்கள் கீழே கருத்து எழுதுவார்கள்.

எனக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கும். அதனால் போனை வண்டிக் கம்பியில் கட்டிவைத்து, மைக்கை அழுத்திவிட்டுப் பேசுவேன். பேசுவது எழுத்தாகிவிடும். மத்தியானம் ஆள் வராத நேரத்தில் தப்பைத் திருத்திக் குழுவில் போடுவேன். என் முகத்தை யாரும் பார்க்கவில்லை என்றால் எனக்குப் பேச்சு வரும் என்பது நாற்பத்தெட்டு வயதில்தான் எனக்கே தெரிந்தது. வந்தது கொஞ்சமல்ல.

ஒருவர் தன் கதையில், மழையில் நனைந்து வந்த கொலைகாரனின் பருத்திச் சட்டையில் கை மடிப்பு கத்தி மாதிரி நின்றது என்று எழுதியிருந்தார். 'தேய்த்த சட்டையில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள் ஐயா, என் உழைப்பு எங்கே போகிறது என்று தெரியும்' என்று எழுதினேன். குழுவே சிரித்தது. அன்றிலிருந்து நான் 'அயன் அண்ணன்'. புது அத்தியாயம் வந்தால் 'அயன் அண்ணன் என்ன சொல்றாரு' என்று கேட்டுக் காத்திருப்பார்கள். ஐந்தாம் வகுப்பு என்பதை நானே சொல்லிக்கொள்வேன். சொன்னால் மதிப்பு இன்னும் கூடியது.

போகப்போக எனக்கு வாரம் ஒரு தப்பு தேவைப்பட்டது. கதை நன்றாக இருந்துவிட்டால் எரிச்சல் வந்தது. இதை அப்போது யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு புதுப் பெண் தொடர்கதை எழுத வந்தாள். தி. நகரில் ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவள். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் எழுதுவதாக முதல் அத்தியாயத்தின் கீழே சொல்லியிருந்தாள். கதையில் ஒரு மனைவி, செத்துப்போன புருஷன் உயிரோடு இருப்பதாக அடுக்குமாடி முழுக்க நம்பவைக்கிறாள். யார் கேட்டாலும் 'ஊருக்குப் போயிருக்கிறார்' என்கிறாள். எட்டு வாரம் படித்துவிட்டு நான் எழுதினேன்: 'எழுதியவர் வாழ்க்கையில் ஒரு பொய்யாவது சொல்லியிருக்கிறாரா? இந்தப் பெண் கோலப்பொடி விளம்பரம் எழுதப் போகலாம். கொலையை விட்டுவிடட்டும்.'

அவள் இரண்டே வரி எழுதினாள். படித்தவர்களுக்கு நன்றி, இனி இந்தக் கதை வராது.

குழு என் பக்கம் திரும்பியது. முதலில் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்கள். அண்ணன் கொஞ்சம் யோசித்து எழுதியிருக்கலாம் என்றார்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. பிறகு மரியாதை போய்விட்டது. 'பெட்டி ரொம்ப சூடா கீது, எல்லாரும் தள்ளி நில்லுங்கப்பா' என்று ஒருவன் போட்டான். இன்னொருவன் 'அஞ்சாங்கிளாஸ் ஜட்ஜு' என்றான். அதற்கு எழுபது எண்பது பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். முந்தின மாதம் வரை என்னைத் தூக்கிவைத்துக் கொண்டாடியவர்களின் பெயர்களும் அதில் இருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

மறுநாள் காலை விலகல் பதிவைப் பேச ஆரம்பித்தேன். படிப்பு இல்லாதவன் வாழ்க்கையைப் படித்திருக்கிறான், நீங்கள் புத்தகத்தைப் படித்திருக்கிறீர்கள் என்று ஆரம்பித்தேன். அதற்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. அப்போது என் பலகையில் ஒரு நீலக்கோடு போட்ட சட்டை விரித்திருந்தது.

அது எதிர் வீட்டு மாடியிலிருந்து வந்த சட்டை. அங்கே ஒரு அம்மா தன் மகளோடு வாடகைக்கு இருந்தார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. அந்த அம்மாவின் கணவருக்கு வெளியூரில் வேலை, சனி ஞாயிறு மட்டும் வந்து போகிறார் என்று தெருவில் சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமைதோறும் அவருடைய ஆறு சட்டைகள் எனக்கு வரும். வீட்டுச் சொந்தக்காரர் கீழே கேட் பக்கம் நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பார். அவர் கண் முன்னால்தான் அந்த மூட்டை இறங்கும், ஏறும். குடும்பத்துக்கு மட்டும்தான் வீடு என்று சொல்லி வாடகைக்கு விட்டவர் அவர். புருஷன் விட்டுப்போன பெண்ணுக்கு எங்கள் பக்கத்தில் வீடு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எல்லோருக்கும் தெரியும்.

சட்டைகளை யாரும் போடவில்லை என்பது எனக்கு இரண்டாவது திங்கட்கிழமையே தெரிந்துவிட்டது. முந்தின வாரம் நான் வைத்த மடிப்பு அப்படியே இருந்தது. தண்ணீரில் நனைத்திருந்தால் அது இருக்காது. அதன் மேல் கையால் கசக்கிய சுருக்கம். கழுத்துப் பட்டையில் நிறம் மாறவில்லை, பையில் பேனாக் கறை இல்லை, பாச்சை உருண்டை வாசனை மட்டும் இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. தேய்த்துக் கொடுத்தேன். இப்படி ஒன்றரை வருஷம்.

அதைத்தான் பதிவில் பேசினேன். மடிப்பைச் சொன்னேன், வாசனையைச் சொன்னேன், ஆறு சட்டையையும் திங்கட்கிழமையையும் நீலக்கோட்டையும் சொன்னேன். பள்ளிக்கூடம் போகும் மகளையும் சேர்த்தேன். 'பொய் என்றால் இப்படிச் சொல்ல வேண்டும், உங்கள் கதாநாயகி சொல்வது பொய்யே இல்லை' என்று முடித்தேன். பெயர் போடவில்லை, தெரு போடவில்லை. அதனால் தப்பில்லை என்று நினைத்துக்கொண்டேன். என் பெயருக்குப் பக்கத்தில் இருந்த படத்தில் என் வண்டியும், வண்டிக்குப் பின்னால் அந்த வீட்டு கேட்டும் இருந்தன.

குழுவிலிருந்து வெளியேறவும் இல்லை. போகாதீர்கள் என்று யார் யார் சொல்கிறார்கள் என்று பார்ப்பதற்காக உள்ளேயே இருந்தேன். நிறையப் பேர் சொன்னார்கள். 'ஜட்ஜு' என்றவன்கூட மன்னிப்புக் கேட்டான். எல்லோரும் சட்டைகளைப் பற்றியே பேசினார்கள். பதிவை எடுத்து வேறு வேறு இடங்களில் போட்டார்கள். அன்றைக்கு இரண்டு சேலையைக் கரையோரத்தில் தீய்த்தேன். அந்த அளவுக்குப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் அந்த அம்மா வண்டிக்கு வந்தார். கையில் மூட்டை இல்லை.

"பள்ளிக்கூடத்து அம்மாங்க குரூப்ல வந்துது. நீங்க எழுதினதுதானே?"

தலையாட்டினேன்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ரெண்டாவது வாரமேம்மா."

"தெரிஞ்சிருக்கும்னு எனக்கும் தெரியும். வேற எடத்துல குடுத்திருப்பேன். நீங்க ஒரு வார்த்தை கேக்கல. அதனாலதான் உங்ககிட்டயே குடுத்தேன்."

நான் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் குரலைத் தாழ்த்தி, கணக்குச் சொல்லிக்கொடுப்பது மாதிரி நிதானமாகச் சொன்னார்.

"வீட்டு ஓனர் வந்து கேப்பாரு. அது வேற வீடுன்னு சொல்லுங்க. இல்லன்னா கதைக்காகச் சும்மா எழுதினேன்னு சொல்லுங்க. அது போதும் எனக்கு. பொண்ணு பரீட்சை முடியற வரைக்கும் நான் இங்க இருந்தாகணும்."

"சொல்றேம்மா" என்றேன்.

அன்று சாயங்காலம் வரை அதையே சொல்லிப் பழகினேன். அது வேற வீடு சார். பெட்டியை இழுக்கும்போது சொன்னேன், துணி மடிக்கும்போது சொன்னேன். மைக்கை அழுத்திவிட்டும் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். ஒரு எழுத்துகூடப் பிசகாமல் போனில் வந்தது.

மறுநாள் வீட்டுச் சொந்தக்காரப் பெரியவர் தன் வேட்டிகளோடு வந்தார். கல்லூரியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னிடம் அதிர்ந்து பேசியது கிடையாது. வேட்டிகளைப் பலகை மேல் வைத்துவிட்டு, மாட்டுப்பெண் அனுப்பி என் பதிவைப் படித்ததாகச் சொன்னார்.

"நன்னா எழுதியிருக்கேப்பா. அந்த மடிப்பைப் பத்தி எழுதியிருக்கே பாரு, ரெண்டு தடவை படிச்சேன். முப்பது வருஷம் தமிழ் சொல்லிக்குடுத்தேன், எனக்கு அப்படி ஒரு வரி வராது."

நான் சிரித்தேன்.

என்னை அறியாமல் வந்த சிரிப்பு என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். அது முழு உண்மை இல்லை. ஒரு தமிழ் வாத்தியார் என் முகத்துக்கு நேராக அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அது இன்னும் கொஞ்சம் நீள வேண்டும் என்று இருந்தது.

"அப்போ அது நம்மாத்து மாடிதான், இல்லையா?" என்றார்.

சிரிப்பு இன்னும் என் முகத்தில் இருந்தது. வாயைத் திறந்தேன். நாள் முழுக்கப் பழகிய நாலு வார்த்தையில் ஒன்றும் வரவில்லை. அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் கையை லேசாகத் தட்டினார்.

"சரி சரி. நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். உனக்கு எதுக்குச் சங்கடம்."

அவர் வீட்டு கேட் முப்பது அடி தூரம். ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். துணி தீய்ந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெட்டியை அதற்கு முன்பே நிமிர்த்தி வைத்திருந்தேன்.

அன்று மத்தியானமே பதிவை அழித்தேன், குழுவிலிருந்தும் உண்மையாகவே வெளியேறினேன். அதை யாரும் கவனிக்கவில்லை. பதிவு எத்தனையோ போன்களில் படமாகக் கிடந்தது.

பெரியவர் சத்தம் போடவில்லை. உங்க ஆத்துக்காரரை ஒரு நடை வந்து பேசச் சொல்லுங்கோ என்று மட்டும் அந்த அம்மாவிடம் சொன்னாராம். அந்த வாரமும் கேட்டார், அடுத்த வாரமும் கேட்டார். யாரை அழைத்துவர முடியும்? மாதக் கடைசியில் காலி செய்வதாக அந்த அம்மாவே சொல்லிவிட்டார். ஆதம்பாக்கத்தில் அவருடைய ஆபீஸ் தோழி ஒருத்தியின் வீட்டு மாடி அறை கிடைத்தது. பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. மகள் வேளச்சேரிக்கு வந்து ரயில் பிடித்துப் பள்ளிக்கூடம் வர வேண்டும்.

இதற்கு நடுவில் துணிக்கடைப் பெண்ணிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. குழுவில் மற்றவர்கள் என்னைக் கேலி செய்ததற்கு அவள் வருத்தம் தெரிவித்திருந்தாள். நான் சொன்னதில் நியாயம் இருந்தது என்றும், தொடர்கதையை மறுபடி ஆரம்பிக்கப் போவதாகவும் எழுதியிருந்தாள். கடைசியில் ஒரு கேள்வி: 'அந்தச் சட்டை விஷயத்த என் கதையில சேத்துக்கவா அண்ணா?' உடனே பதில் எழுதினேன். வேண்டாம்மா, அது ஒரு வீட்டில் நடந்தது, எழுதியது என் தப்பு, உன்னை அப்படிப் பேசியதும் என் தப்பு என்று எழுதினேன். எழுத்தில் எல்லாம் சுலபமாக வந்தது. அவள் சேர்க்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

அந்த அம்மா கடைசியாக வந்தது கொடுத்த துணியை வாங்கிப்போக. மகளுடைய யூனிஃபார்ம் இரண்டு, அவருடைய சேலை நாலு. சட்டைகள் அந்த முறை வரவில்லை. ஆபீஸுக்குப் போகும் அவசரத்தில் இருந்தார். நான் மூட்டையை நீட்டியபடி, சொல்லணும்னுதான் இருந்தேம்மா என்றேன்.

"நீங்க ஒண்ணும் சொல்லலையாம்" என்றார். "சிரிச்சீங்களாம்."

மூட்டையைப் பிரித்து எண்ணிப் பார்த்தார். சரியாக இருந்தது. போய்விட்டார்.

அவர்கள் சாமான் ஏற்றிய ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வண்டியைத் திறக்கவில்லை. பட்டினப்பாக்கத்தில் வீட்டிலேயே இருந்தேன். அண்டாவையும் பீரோவையும் இறக்க அந்த வீட்டின் குறுகலான படியில் ஆள் தேவைப்படும் என்று எனக்குத் தெரியும். தெருவில் யார் வீடு மாறினாலும் ஒரு கை கொடுப்பவன் நான்தான். மனைவி இரண்டு தடவை கேட்டாள், போகலையா என்று. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

ஒன்பது மணிக்குப் போன் அடித்தது. பெரியவர். சாயங்காலம் ஒரு கல்யாண வரவேற்பு, வேட்டி வேண்டும், வண்டி ஏன் மூடிக் கிடக்கிறது என்று கேட்டார். அவருக்குப் பின்னால் டெம்போ பின்பக்கம் வரும் சத்தமும், பாத்து, பாத்து, சுவத்துல இடிக்குது என்று யாரோ சொல்வதும் கேட்டது.

"நேத்து ராத்திரிலேர்ந்து காய்ச்சல் சார்" என்றேன். "எந்திரிக்கவே முடியல."

ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொன்னேன். உடம்பைப் பார்த்துக்கோ என்று சொல்லி அவர் போனை வைத்தார்.