பாசிக் கட்டுரையும் ஈரத் துண்டும்

குற்றாலத்திலிருந்து தென்காசி போகும் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். எண்ணெய் தேய்த்துக் குளித்த தலை இன்னும் மினுங்கியது. அருவி ஈரம் சொட்டும் துண்டைச் சன்னலுக்கு வெளியே பிழிந்துகொண்டே வந்தார். "மூஞ்சில தெறிக்குது அண்ணாச்சி!" என்று பின்சீட்டிலிருந்து சத்தம் வந்தால் நிறுத்துவார். அடுத்த வளைவுக்குள் மறந்துவிடுவார்.

மறுநாள் நான் கல்லூரியில் அசைன்மென்ட் கொடுத்தாக வேண்டும். பாறைப் பாசி பற்றிக் கிடைத்த ஒரே நல்ல ஆய்வுக் கட்டுரை, முதல் பத்தியை மட்டும் காட்டிவிட்டு மீதிக்குத் துட்டு கேட்டது. அவர் என் போனை எட்டிப் பார்த்தார்.

"துட்டு கேக்குதவன் ஜர்னல்காரன் தம்பி. எழுதுன அம்மாவோட மெயில் கீழ கெடக்கு பாரு. அவங்ககிட்ட கேளு, சும்மாவே அனுப்புவாங்க."

"முன்னப்பின்ன தெரியாதவங்க. கோவிச்சுக்க மாட்டாங்களா அண்ணே?"

"கோவமா? நானும் ஒரு கட்டுரை எழுதியிருக்கேன். எவனாவது கேக்க மாட்டானான்னுல்லா இருக்கேன்!"

சிரித்துக்கொண்டே மேலகரத்தில் இறங்கிவிட்டார். என் சட்டைக் கையெல்லாம் அவர் துண்டின் ஈரம்.

பேருந்திலேயே தயங்கித் தயங்கி ஒரு மெயில் அனுப்பினேன். சாயங்காலமே முழுக் கட்டுரையும் வந்துவிட்டது. அப்பாடா என்று இருந்தது. 'கேட்டதற்கு மிக்க நன்றி' என்று அந்த அம்மா கடைசியில் எழுதியிருந்தார்.

அதைப் படித்தபோதுதான் உறைத்தது: பேருந்தில் துண்டு பிழிந்த அண்ணாச்சி எதைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று நானும் கேட்கவில்லை.