எல்லோருக்கும் முதல் வெட்டு

சென்ற வாரத் திங்கட்கிழமை, ஃபிஜியில் எங்கள் ராக்கிராக்கியின் பினாங்கு சர்க்கரை ஆலைச் சங்கு இந்த ஆண்டுக்கு முதன்முறையாக ஊதிய காலையில், எங்கள் வட்டாரத்தில் எட்டு வீடுகளில் ஒரே நேரத்தில் விருந்து சமைக்கப்பட்டது.

கல்யாணமா? இல்லை. கோயில் திருவிழாவா? அதுவும் இல்லை. எட்டு வீடுகளுக்கும் விருந்தாளிகள் ஒரே கூட்டம்தான். அந்தக் கூட்டமும் அதே எட்டு வீட்டுக்காரர்கள்தான். இந்த அரிய ஏற்பாட்டின் பெருமை முழுவதும் என் அண்ணன் தேவராஜைச் சேரும். அவர் தலைமைப் பண்பில் முறையாகப் பயிற்சி பெற்றவர்.

பயிற்சி நடந்தது சிகடோகாவுக்கு அப்பால், கடலோர ஹோட்டல் ஒன்றில். அண்ணன் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பாலிசி விற்கிறார். மீதி நேரத்தில் அப்பாவுடன் கரும்பு நிலத்தில் நிற்கிறார். கம்பெனி அனுப்பிய கோர்ஸின் பெயர் 'வெற்றிகரமான டீமுக்கு நடைமுறைத் தலைமையும் விற்பனைத் திறனும்'. திரும்பி வந்ததும் சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டு, சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினார். அம்மா சில நாள் அதற்கும் பூ வைத்துவிடுகிறார்.

விடுமுறைக்குச் சுவாவின் கல்லூரியிலிருந்து வந்திருந்த எனக்குச் சாப்பாட்டு வேளைகளில் அந்தக் கோர்ஸ் இலவசமாகக் கிடைத்தது. வாடிக்கையாளரின் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும். பேச்சுக்கிடையே அவர் பெயரை மூன்று முறை சொல்ல வேண்டும். அவருடைய தேவை என்னவென்று அவர் வாயாலேயே வரவழைக்க வேண்டும். முதலில் சம்மதம், விவரங்கள் பிறகு.

"பக்கத்து வூட்டு கோவிந்தசாமி மாமாவ மூணு தபா பேர் சொல்லிக் கூப்புட்டுப் பாரேன்," என்றார் அம்மா. "பல்லு எத்தினி மிச்சம்னு வந்து சொல்லு."

அந்தப் பாடத்தை மட்டும் அண்ணன் உள்ளூருக்கு ஏற்பத் திருத்திக்கொண்டார். பெயர் வர வேண்டிய இடத்தில் 'மாமா'.

கரும்பைச் சர்க்கரையாக மட்டுமே சந்தித்திருக்கும் நகரத்து வாசகர்களுக்கு இங்கே ஒரு விளக்கம் தேவை. எங்கள் பக்கத்தில் அவரவர் கரும்பை அவரவர் தனியாக வெட்டுவதில்லை. அக்கம்பக்கத்து நிலக்காரர்கள், வீட்டுக்கு ஓர் ஆளாக, ஒரு கேங்காகச் சேர்கிறார்கள். ஒருவர் நிலத்தை முடித்துவிட்டு அடுத்தவர் நிலத்துக்குப் போவார்கள். எந்த வீட்டுக் கரும்பு வெட்டப்படுகிறதோ, அந்த வீடு கேங்குக்குச் சோறு போட வேண்டும். யாருடையது முதலில், யாருடையது கடைசியில் என்று சொல்பவர் சர்தார். அவரை ஆண்டுதோறும் கையுயர்த்தித் தேர்ந்தெடுப்பார்கள்.

கடைசியில் நிற்பதில் என்ன கெடுதல்? மழை வந்துவிடும், வண்டி நிலத்துக்குள் இறங்காது. அதற்குள் ஆலை மூடிவிட்டால் கரும்பு நின்ற இடத்திலேயே நிற்கும். சென்ற ஆண்டு அப்படி நின்றது எங்கள் கரும்பு. இந்த ஆண்டும் நின்றால், அதனோடு சேர்ந்து என் படிப்பும் நின்றுவிடும். அப்பா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அடிக்கடி வானத்தைப் பார்த்தார். அவ்வளவுதான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. சர்தாருடைய சொந்தக் கரும்புதான் கடைசி. தனக்கே முதலிடம் கொடுத்துக்கொண்டார் என்ற பேச்சு வரக்கூடாது அல்லவா?

ஆகவே — இப்படிப்பட்ட ஓர் ஆண்டில், இப்படிப்பட்ட ஒரு வீட்டின் பிள்ளை, உலகத்தில் எந்தப் பதவிக்கு வேண்டுமானாலும் ஆசைப்படலாம், ஒன்றைத் தவிர.

அண்ணன் அந்த ஒன்றுக்குத்தான் ஆசைப்பட்டார்.

"எதுக்குடா இந்த வேல?" என்றார் அப்பா.

"லீடர்ஷிப் கத்துக்கினு வந்து சும்மா குந்தியிருக்கச் சொல்றீங்களா?"

"நம்ம கரும்பு கடசிக்குப் போயிடும்டா."

"அதெல்லாம் பின்னால பேசிக்கலாம்ப்பா. மொதல்ல டீமு ஒத்துக்கணும்."

டீமை ஒத்துக்கொள்ளவைக்கும் பணி வீடு வீடாக நடந்தது. அங்கம்மா அத்தை வீட்டுக்கு மட்டும் நானும் உடன் போக நேர்ந்தது. அத்தை கணவரை இழந்தவர்; நிலத்தைத் தானே நடத்துகிறார்; கேங்கில் அவருக்காகக் கத்தி பிடிப்பவர் அவர் மருமகன்.

அண்ணன் கண்ணைப் பார்த்தார். "ஒங்களுக்கு இன்னா தேவைன்னு நீங்களே சொல்லுங்க அத்த. நான் பேச வரல அத்த. கேக்கத்தான் வந்தேன் அத்த."

மூன்று ஆயிற்று.

"எனக்கு இன்னா தேவ? என் கரும்ப பைலா வெட்டணும், எல்லாருக்கும் முன்னால. வேற இன்னாடா இருக்குது?"

"ஆச்சு. ஒங்களுதுதான் மொதல்ல."

"காதர் பாய் சும்மா இருப்பாரா?"

"அவர நான் பாத்துக்கறேன்."

அடுத்த நிலத்துக் காதர் மாமாவையும் அவர் பார்த்துக்கொண்டார் — அதே மாலையில், அதே கண்களால், அதே வாக்கைக் கொடுத்து. ஒவ்வொரு வீட்டிலும் கிளம்பும்போது ஒரு வேண்டுகோள்: வெளியே சொல்ல வேண்டாம், மற்றவர்கள் மனம் புண்படும். இவ்வளவு மென்மையான உள்ளம் படைத்த வேட்பாளரை ராக்கிராக்கி இதுவரை கண்டதில்லை.

வழியில் கேட்டேன். "எட்டு வூட்டுக்கும் மொத எடம் எப்படிண்ணா வரும்?"

"நீ லிட்ரேச்சர் படி," என்றார். "இது சேல்ஸ்."

உண்மைதான். வாடிக்கையாளர்களின் தேவை எட்டு விதமாக இருந்தால்தானே விற்பவனுக்குத் திண்டாட்டம்? எட்டும் ஒன்றாகவே இருந்துவிட்டால் எவ்வளவு வசதி! பொருள் ஒன்றுதான் இருக்கிறது என்பது விவரம். விவரங்கள் பிறகு.

தேர்தல் கோவிந்தசாமி மாமா வீட்டு வாசலில் நடந்தது. பல ஆண்டுகளாகச் சர்தாராக இருந்தவர் அவர். அவருடைய நிர்வாகமுறை எளிமையானது: கத்துவார். அவர் போட்டியிடுவார் என்று எல்லோரும் நினைத்திருக்க, பெருந்தன்மையோடு ஒதுங்கிக்கொண்டார். இளைஞர்களுக்கு வழிவிட வேண்டுமாம். அவருக்கும் முதல் வெட்டு வாக்களிக்கப்பட்டிருந்தது என்பதை வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நங்கோனா என்ற வேர்ப் பானம் கரைத்த தொட்டியைச் சுற்றி எல்லோரும் அமர்ந்தார்கள். கொட்டாங்குச்சி ஒரு சுற்று வந்தது. "தேவராஜுக்கு யாரு யாரு?" என்று கேட்டார் கோவிந்தசாமி மாமா. எட்டு வீட்டுக் கைகளும் உயர்ந்தன. ஒன்பதாவது வீடு எங்களுடையது. அப்பாவின் கை மடியிலேயே இருந்தது.

"அண்ணே, ஒங்க புள்ளயாச்சே?" என்றார் மாமா.

"அதனாலதான்," என்றார் அப்பா.

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

வந்தது திங்கட்கிழமை. ஆலையின் காலி வேகன்கள் எங்கள் சாலையோரத் தண்டவாளத்தில் வரிசையாக நின்றன. அம்மா கொடுத்தனுப்பிய டீயோடு நான் போய்ச் சேர்ந்தபோது, கேங் முழுவதும் கத்தியோடு அங்கே கூடியிருந்தது. எல்லோர் முகத்திலும் ஒரே இரகசியப் புன்னகை. ஓர் ஊரே லாட்டரி ஜெயித்ததுபோல.

"சலோ, எங்க வூட்டுப் பக்கம்," என்றார் காதர் மாமா. "பலாவ் இறக்கியாச்சு. ஒரு வாய் துன்னுட்டு ஆரம்பிக்கலாம்."

"ஒங்க வூட்டுக்கு எதுக்கு பாய்?" என்றார் கோவிந்தசாமி மாமா. "எங்க வூட்டுல ஆடு அறுத்திருக்குது. மொத வெட்டு என்னுது."

"யாரு சொன்னது?"

"சர்தார் சொன்னாரு."

"எனக்கும் சர்தார்தான் சொன்னாரு!"

அதற்குள் அங்கம்மா அத்தையே வந்துவிட்டார், இடுப்பில் கையூன்றி. "நாலு மணிக்கு எந்திரிச்சு நாப்பது ரொட்டி தட்டியிருக்கேன். எவன்டா அது என் கரும்புக்கு முன்னால நிக்கிறவன்?"

மற்ற ஐந்து வீட்டுக்காரர்களும் வாய் திறந்தார்கள். பிறகு எட்டுத் தலைகளும் மெதுவாகத் திரும்பின.

அண்ணன் கண்ணைப் பார்த்துப் பேசுவதை அன்று முதன்முறையாக நிறுத்தினார். தன் கால்களைப் பார்த்தார்.

இப்படிப்பட்ட நேரத்தில் தலைவன் என்ன செய்ய வேண்டும்? டீமையே முடிவெடுக்க விட வேண்டும் என்பது கோர்ஸின் இரண்டாம் நாள் பாடம். "நீங்களே சொல்லுங்க," என்றார். டீம் முடிவெடுத்தது. கரும்புத் தகராறு இருக்கட்டும். சமைத்த சோற்றை வேண்டாமென்று சொல்வது எந்த வீட்டுக்கும் அவமானம். ஒரு வீட்டில் சாப்பிட்டு இன்னொரு வீட்டில் மறுத்தால் கேங்கே உடைந்துவிடும். ஆகவே எல்லா வீட்டிலும் சாப்பிட்டுவிட்டுப் பிறகு சண்டையைத் தொடர்வது.

காதர் மாமாவின் பலாவ் சோற்றில் தொடங்கிய பயணம் கோவிந்தசாமி மாமாவின் ஆட்டுக்கறி, அத்தையின் ரொட்டி என்று நிலம் நிலமாக நகர்ந்தது. எதிரிகள் ஒருவருக்கொருவர் பரிமாறிக்கொண்டார்கள். "நல்லாத் துன்னு. பொய் சொன்ன வாய்க்கு வலு வேணும்ல?" என்று அண்ணன் தட்டில் மட்டும் இரண்டு கரண்டி அதிகமாக விழுந்தது. உச்சிவேளையில், எங்கள் வட்டாரத்தின் உழைக்கும் வர்க்கம் முழுவதும் மாமரத்தடியில் மல்லாந்து கிடந்தது. கத்திகள் ஓரமாகச் சாய்ந்திருந்தன. ஒரு கரும்பும் வெட்டப்படவில்லை.

அப்போதுதான் ஆலையின் ஃபீல்டு ஆபீசர் மோட்டார் சைக்கிளில் வந்தார். ஜோனே என்று பெயர், ஃபிஜியர், எங்களைவிடச் சரளமாக இந்தி பேசுவார். காலி வேகன்களையும் மாமரத்தடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கா பாய், கோயி மர் கயா?"

யாரும் சாகவில்லை என்று காதர் மாமா தெரிவித்தார். அப்படியானால் இன்று மாலைக்குள் வேகன்கள் நிரம்ப வேண்டும், இல்லாவிட்டால் நாளையிலிருந்து அவை பக்கத்துக் கேங்குக்குப் போகும் என்று சொல்லிவிட்டு ஜோனே கிளம்பினார். தலைமைப் பண்பில் அவர் எந்தக் கோர்ஸும் படித்ததாகத் தெரியவில்லை.

கேங் எழுந்து உட்கார்ந்தது. வேகன் போனால் எல்லா வீட்டுக்கும் அதோகதி.

"என்னுது வெட்டலாம்," என்றார் அத்தை.

"ஒன்னுது வெட்டுனா நான் கத்தி தொடமாட்டேன்," என்றார் காதர் மாமா.

"பாய்க்கு வெட்டுனா நான் தொடமாட்டேன்," என்றார் கோவிந்தசாமி மாமா.

இப்படியே எட்டும் அடிபட்டது. பிறகு அத்தைதான் கேட்டார்: "இவன் வாக்கு குடுக்காத வூடு ஏதாச்சும் இருக்குதா?"

ஒன்றே ஒன்று இருந்தது. சொந்த வீட்டுக்குப் பாலிசி விற்பதில் லாபமில்லை என்பதால் அண்ணன் எங்களை அணுகவே இல்லை.

"சர்தார் கரும்பு கடசிலதானே..." என்று யாரோ முனகினார்கள்.

"கெடக்குது உடு," என்றார் காதர் மாமா. "இவங்களுதுன்னா எனக்கு வயிறு எரியாது. கோவிந்தசாமிக்குக் கெடைக்கலல்ல? அது போதும்."

அந்த ஒரே கொள்கையின் அடிப்படையில் எங்கள் கேங் வரலாற்றில் முதன்முறையாக ஒன்றுபட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டு, அண்ணனின் பிறப்பைப் பற்றிக் கருத்துச் சொல்லிக்கொண்டு — ஆனால் வெட்டினார்கள். பொழுது சாய்வதற்குள் வேகன்கள் நிரம்பின. அம்மா பதறிப்போய் உலை வைத்தார். சோறு என்ற சொல்லைக் கேட்டதும் இரண்டு பேர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள்.

கத்தி இறங்கிய நிலத்தைப் பாதியில் விடுவது இங்கே வழக்கமில்லை. வியாழக்கிழமை மாலை எங்கள் கடைசிக் கரும்பும் ஏறியது. அப்பா வெறும் நிலத்தின் நடுவில் போய் நின்றார். வெகுநேரம் வானத்தைப் பார்க்காமலேயே நின்றார்.

அதற்குள் ஊரில் வேறொரு கதை பரவிவிட்டது. எல்லாம் திட்டமிட்ட வேலையாம். தன் அப்பன் கரும்பை முதலில் வெட்டுவதற்காகவே எட்டுப் பேருக்கும் வாக்குக் கொடுத்து, எட்டு வீட்டிலும் சமைக்கவைத்து, சண்டை மூட்டிவிட்டு, கடைசியில் ஒன்றும் தெரியாதவன்போல நின்றானாம். கோவிந்தசாமி மாமா கடைத்தெருவில் இதைச் சொன்னபோது குரலில் கோபமே இல்லை.

"இத்தினி வருசம் கத்திக் கத்தி என் தொண்ட போச்சு. இந்தப் பய சோத்தப் போட்டே சாதிச்சிட்டான் — அதுவும் நம்ம சோத்த!"

அண்ணனுக்குத் தாங்கவில்லை. "நான் சத்தியமா பிளான் போடலப்பா. எல்லார்கிட்டயும் போய்ச் சொல்லிடப் போறேன்."

"ஒனக்கு அவ்ளோ மூள இல்லன்னு எனக்குத் தெரியாதாடா?" என்றார் அப்பா. "ஆனா வெளில சொல்லித் தொலைக்காத. திருடன்னா ஒன் பின்னால வருவாங்க. மக்குன்னு தெரிஞ்சா உட்டுட்டுப் போயிடுவாங்க."

கோர்ஸ் கற்றுத்தராத பாடம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை அண்ணன் எட்டுத் தோகைத் துண்டுகளைக் கைக்குள் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரையும் ஒன்று உருவச் சொன்னார். நீளமானதற்கு முதலிடம், குட்டையானதற்குக் கடைசி. துண்டுகளை நறுக்கியது நான். எந்தச் சூதும் இல்லை. அங்கம்மா அத்தைக்கு முதலிடம் வந்தது. குட்டைத் துண்டு காதர் மாமாவுக்கு. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். பிறகு அண்ணன் தோளில் கை போட்டு, காதருகே குனிந்து கேட்டார்:

"இத எப்படிடா செஞ்ச?"

அவ்வளவு மரியாதையான குரலில் அவர் யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை.

நேர்மைக்கு இத்தகைய மதிப்புக் கிடைக்க, முன்னதாக எட்டு வீட்டையாவது ஏமாற்றியிருக்க வேண்டும் போலிருக்கிறது.